சிறு தொழிலுக்கு ஓர் இணையதளம்

(உற்பத்தியாளர் குழுக்களுக்காக நடைபெற்ற வட்டாரப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப் பெற்றபொழுது, கிராமத்தின் உற்பத்தியைப் பெருக்குவதே வட்டாரங்களின் தலையாய பணியாகக் கருதப்பட்டது. நல்ல விதை, நல்ல உரம், பாசன வசதி ஆகியவற்றால் விளைச்சல் பெருகிற்று. ஆயினும் விளைவித்தவன் கைக்கு உரிய விலை வந்து சேர்வது இன்றும் எளிதாக இல்லை. பொருள் நம்முடையது; அதை வாங்குவோர் முகம் நமக்குத் தெரிவதில்லை. வாங்குவோருக்கும் நம் முகம் தெரிவதில்லை. இடையில் இருப்பவருக்கு மட்டுமே இரு பக்கமும் தெரிகிறது. விலையை வகுப்பவரும் அவரே ஆகிறார்.

இந்நிலையை மாற்ற இணையதளம் ஒன்று அமைத்துக்கொள்ளலாமா என்று நம் வட்டாரத்துக் குழுக்கள் சில யோசித்து வருகின்றன. மிகவும் வரவேற்கத்தக்க யோசனை. ஆனால் அதற்குச் செலவிடப்போவது குழுவின் சேமிப்புப் பணம். வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அது வீணாகிவிடாமல் பயன் தருவதற்கு எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே என் உரையின் பொருளாகும்.

இணையதளம் என்பது யாது?

உலகளாவிய வலை என்னும் இம்முறையை 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றுகையில் வகுத்தளித்தார். 1993-ஆம் ஆண்டில் அக்கூடம், எவரும் உரிமைத்தொகை செலுத்தாமலே இதனைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஆதலால்தான் பெரிய ஆலைக்கும் நம் கிராமத்துக் குழுவுக்கும் இவ்வலையில் சமமான இடம் கிடைக்கிறது.

சந்தையில் கடை போடுவதை நாம் அறிவோம். கடைக்கு ஓர் இடம் வேண்டும். கடைக்குப் பெயர் வேண்டும். சரக்கைப் பரப்பி வைக்க வேண்டும். கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இணையதளத்துக்கும் இந்நான்கே வேண்டும். இடம் என்பது சர்வர் எனப்படும் கணினியில் நாம் வாடகைக்குப் பெறும் பகுதி. பெயர் என்பது நாம் பதிவு செய்துகொள்ளும் இணைய முகவரி. சரக்கைப் பரப்புவது பக்கங்களை அமைப்பதாகும். நான்காவதாகிய ஆள்தான் பெரும்பாலும் மறக்கப்படுகிறார். ஆள் இல்லாத கடை எவ்வளவு அழகாயிருந்தாலும், வந்தவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார் அன்றோ?

முதலில் தேவையை ஆராய்க

எல்லாக் குழுவுக்கும் இணையதளம் தேவை என்று நான் கூறமாட்டேன். உற்பத்தி முழுவதும் உள்ளூர்ச் சந்தையிலேயே நல்ல விலைக்கு விற்றுப்போகுமானால் அதற்கு அவசியம் இல்லை. முப்பது நாற்பது வாடிக்கையாளர் மட்டுமே உள்ள குழுவுக்கு வாட்ஸ்அப் ஒன்றே போதும். பெரிய இணைய அங்காடிகளில் பொருளைச் சேர்ப்பதும் ஒரு வழி. ஆனால் அங்கே கழிவுத் தொகை உண்டு. வாங்கியவரும் அந்த அங்காடியின் வாடிக்கையாளராவாரே தவிர நம் வாடிக்கையாளர் ஆகமாட்டார். நம்மை அறியாத தூரத்து மனிதர் நம்மைத் தேடிக் கண்டு, நாம் யார் என்பதைச் சரிபார்த்து, நம்பிக்கையோடு பணம் அனுப்ப வேண்டுமெனில், அப்பொழுதுதான் நமக்கென ஒரு தளம் வேண்டும்.

கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணமாக, தளம் அமைக்க 30,000 ரூபாய் ஆகிறது என்றும், ஆண்டுதோறும் பராமரிப்புக்கு 8,000 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். அமைக்கும் செலவை மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 10,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 18,000 ரூபாய். வியாபாரியிடம் போடுவதைக் காட்டிலும், கட்டும் செலவும் அனுப்பும் செலவும் போக, கிலோவுக்கு 90 ரூபாய் அதிகமாகக் கிடைக்குமானால், ஆண்டில் 200 கிலோ இத்தளத்தின் மூலம் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். அதற்கு மேல் விற்பதே ஆதாயம். இந்த 200 கிலோவை விற்க நம்மால் இயலுமா என்று குழுக் கூட்டத்தில் விவாதித்த பின்னரே தீர்மானம் இயற்றுக. உங்கள் பொருளுக்கு ஏற்ற எண்களை நீங்களே இட்டுக்கொள்ளலாம்.

வாங்குவோரின் கேள்விகளே அடித்தளம்

தேவை உண்டு என்று முடிவு செய்த பின், வர்ணத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ பேச்சைத் தொடங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வாங்கவருபவர் நம்மிடம் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். கருப்பட்டிக் குழுவை எடுத்துக்கொள்வோம். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஒரு குடும்பத்தார் என்ன கேட்பார்கள்?

இது சீனி கலவாத கருப்பட்டிதானா? எந்த ஊரில், யார் காய்ச்சியது? இந்த ஆண்டுச் சரக்கா, சென்ற ஆண்டுச் சரக்கா? கிலோ என்ன விலை? எங்கள் ஊருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்; எத்தனை நாளில் வரும்? உடைந்தோ கசிந்தோ வந்தால் என்ன செய்வீர்கள்? பேச வேண்டுமானால் யாரை அழைப்பது?

இக்கேள்விகளுக்குரிய விடைகளே உங்கள் இணையதளம். இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால் வந்தவர் வாங்கமாட்டார். இவற்றுக்கு அப்பாற்பட்ட ஆடம்பரங்கள் யாவும் விடையை மறைக்கும் திரைகளே ஆகும்.

முதற் கேள்வியைக் கவனியுங்கள். சீனி கலந்த சரக்கு சந்தையில் மலிந்திருப்பதால், நல்ல கருப்பட்டி காய்ச்சுபவரும் ஐயத்துக்கு ஆளாகிறார். "எங்கள் பொருள் தூய்மையானது, தரமானது" என்று எழுதினால் அந்த ஐயம் தீராது. கலப்படம் செய்பவரும் அவ்வாறே எழுதுவார். மாறாக, பனையேறும் தொழிலாளி பாளை சீவுவதையும், பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதையும், இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சிப் பாகு பதத்தில் சிரட்டையில் வார்ப்பதையும் உள்ளபடி எழுதி, உங்கள் தோப்பிலேயே எடுத்த படங்களை வையுங்கள். பதநீர் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை என்பதையும், பருவம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகிறது என்பதையும் கூறுங்கள். உண்மையில் தொழில் செய்பவரால் மட்டுமே எழுதக்கூடிய விவரங்கள் இவை. பிறர் தளத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தாலும் மற்றவற்றின் மீதும் நம்பிக்கை குறைந்துவிடும்.

பக்கங்களும் அமைப்பும்

சிறு தொழிலுக்கு ஐந்து பக்கங்கள் போதுமானவை. முதற்பக்கத்தில் நாம் யார், என்ன விற்கிறோம், எப்படி வாங்குவது என்பவை மூன்று நான்கு வரிகளில் இருக்க வேண்டும். இரண்டாவது பக்கத்தில் பொருள்களும் விலையும். மூன்றாவதில் செய்முறையும் குழுவின் வரலாறும். நான்காவதில் அனுப்பும் முறை, கட்டணம், குறை ஏற்பட்டால் செய்யும் பரிகாரம். ஐந்தாவதில் முழு முகவரி, தொலைபேசி எண், அழைக்கத்தக்க நேரம் ஆகியவை. தொலைபேசி எண் எல்லாப் பக்கங்களிலும் இருத்தல் நலம்.

இப்பக்கங்களை முதலில் தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குழுவினர் அனைவரும் பார்த்துத் திருத்தட்டும். தாளில் திருத்துவதற்குச் செலவில்லை. கணினியில் ஏற்றிய பின் திருத்துவதற்குக் கூலி உண்டு.

இந்நாளில் இணையத்தைப் பார்ப்போருள் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பார்க்கின்றனர். ஆகவே தளம் கைப்பேசியின் சிறு திரைக்கு ஏற்றவாறு அமைய வேண்டும். எழுத்து பெரிதாகவும், வெளிர் நிறத்தின் மேல் கறுப்பாகவும் இருக்கட்டும். தானே ஒலிக்கும் பாட்டும் ஓடும் எழுத்தும் வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் அளவு இருக்கும்; அதை அப்படியே ஏற்றினால், அலைவரிசை மெதுவாக உள்ள இடத்தில் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் சலித்துப் போவார். ஒவ்வொரு படத்தையும் 200 கிலோபைட்டுக்குள் சுருக்கிய பின்னரே ஏற்றும்படி அமைப்பாளரிடம் வற்புறுத்திக் கூறுங்கள்.

விலையையும் விவரங்களையும் படத்தின்மீது எழுதாமல், ஒருங்குறி எழுத்தில் தட்டெழுத்தாகவே இட வேண்டும். தேடுபொறி, எழுத்தாக உள்ளதை எளிதில் படித்து அறியும். படத்துக்குள் உள்ளதை அவ்வாறு அறியும் என்று நம்புவதற்கில்லை. மேலும், மக்கள் என்ன சொல்லால் தேடுகிறார்களோ அச்சொல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் கருப்பட்டி என்பார். மற்றொருவர் பனைவெல்லம் என்பார். வேறொருவர் ஆங்கிலத்தில் தேடுவார். மூன்றுக்கும் இடம் கொடுங்கள்.

தளம் உருவானதும் ஒரு சோதனை செய்க. குழுவைச் சாராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "இரண்டு கிலோ கருப்பட்டி மதுரைக்கு அனுப்ப மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். அவருக்கு வழி சொல்லாமல் பக்கத்தில் அமைதியாக இருந்து பாருங்கள். எங்கே அவர் விரல் தயங்குகிறதோ அங்கே குறை இருக்கிறது. ஐந்து பேரிடம் இவ்வாறு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும்.

பெயரும் உரிமையும்

இனி நான் சொல்லப்போவதை மிகவும் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். இணைய முகவரியின் பெயரை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்துகொள்ளலாம். காலம் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டுக்குரிய '.இன்' என்னும் முடிவு உண்டு. தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்னும் முடிவும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், பெயர் சிறியதாகவும், தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளத் தக்கதாகவும் இருக்கட்டும்.

அப்பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் அறிந்த ஒரு குழுவினர், தளம் அமைத்துத் தந்தவரையே பெயரையும் பதிவு செய்யும்படி விட்டுவிட்டனர். அவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்தார். இரண்டு ஆண்டுகள் வியாபாரம் நன்றாக நடந்தது. பின்னர் அவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்புகள் அவருடைய மின்னஞ்சலுக்கே சென்றன. ஒரு நாள் தளம் மறைந்தது. சில மாதங்களில் அதே பெயரை முன்பின் அறியாத யாரோ பதிவு செய்துகொண்டு, சூதாட்ட விளம்பரத்துக்கு உபயோகித்தனர். சிப்பங்களின் மேலெல்லாம் அந்த முகவரியே அச்சாகியிருந்தது. உழைத்துத் தேடிய நற்பெயர் அவ்வாறு பிறர் கைக்குப் போயிற்று.

குழுவின் நிலத்தை வேறொருவர் பெயரில் பத்திரம் செய்ய நாம் சம்மதிப்போமா? இதுவும் அத்தகையதே. ஆகவே, பெயர்ப் பதிவு குழுவின் பெயரிலும், குழுவுக்கென்றே தொடங்கிய மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். கடவுச்சொற்களைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்க வேண்டும். அவற்றை எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, குழுவின் பெட்டியில் தீர்மானப் புத்தகத்துடன் பாதுகாக்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்பொழுது கடவுச்சொல்லும் மாற வேண்டும். புதுப்பிக்க வேண்டிய நாளைத் தீர்மானப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். பக்கங்களின் நகல் ஒன்றை அமைப்பாளரிடமிருந்து கேட்டுப் பெறுங்கள். இவையாவும் அமைப்பாளருடன் செய்யும் எழுத்து ஒப்பந்தத்தில் இடம்பெற்றால், அவருக்கும் நமக்கும் மனத்தாங்கல் நேராது.

பணமும் சட்டமும்

2016-ஆம் ஆண்டில் யுபிஐ முறை வந்த பிறகு பணம் பெறுவது எளிதாயிற்று. எளிமையோடு எச்சரிக்கையும் வேண்டும். பணம் அனுப்பியதாக ஒருவர் காட்டும் படத்தை நம்பிச் சரக்கை அனுப்ப வேண்டாம்; வங்கிக் கணக்கில் வரவு வந்ததைக் கண்ட பின்னரே அனுப்புக. பணம் பெறுவதற்கு இரகசியக் குறியெண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் கொடுப்பதற்கு வேண்டியது. குறியெண்ணைக் கேட்பவர் எவராயினும் அவர் ஏமாற்றுபவரே என்று கொள்க. வரவு குழுவின் கணக்குக்கே வர வேண்டும். தனி ஒருவர் கணக்குக்கு வருதல் கூடாது.

உணவுப் பொருள் விற்பவர், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற்று, அதன் 14 இலக்க எண்ணைச் சிப்பத்தின்மீது அச்சிட வேண்டும். தளத்திலும் அதைக் காட்டுவது நம்பிக்கையை வளர்க்கும். சிப்பமிட்ட பொருளின் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர், முகவரி முதலியவற்றை இணைய விற்பனையிலும் காட்ட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் கூறுகின்றன. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, வந்த புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வெளிமாநிலங்களுக்கு விற்க விரும்புவோர், ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிக.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரோடு மஞ்சள் 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. அப்பகுதியில் உற்பத்தி செய்து, முறைப்படி பதிவு பெற்றவரே அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை உடையவர். புகழ் பெற்றது என்பதற்காகப் பிற ஊரின் பெயரை நம் சரக்குக்கு இடுதல் சட்டத்துக்கும் நேர்மைக்கும் புறம்பானது. நம் ஊர்ப் பெயரையே இட்டு அதற்குப் புகழ் தேடுவோம்.

வாங்குவோரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அனுப்பும் தேவைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். தேவையற்ற விவரங்களைக் கேட்க வேண்டாம். பெற்ற விவரத்தைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

தளம் உயிரோடு இருக்க

தளம் திறந்த நாளன்று கைதட்டல் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதன் நிலை என்ன என்பதே கேள்வி. சென்ற ஆண்டு விலை இன்னும் மாறாமலிருந்தால், தீர்ந்துபோன சரக்கு இருப்பதாகக் காட்டினால், அழைத்தால் எடுப்பார் இல்லையென்றால், அத்தளம் இல்லாதிருப்பதே மேல். ஏனெனில் அது வந்தவரிடம் நம்மைப் பொறுப்பற்றவர் என்று கூறிக்கொண்டிருக்கும்.

ஆதலால் தளத்தைத் தொடங்கும் முன்னரே மூன்று பொறுப்புகளை மூவரிடம் ஒப்படையுங்கள். ஒருவர் நாள்தோறும் வரும் கேள்விகளுக்கு அன்றைக்கே விடையளிக்க வேண்டும். இரண்டாமவர் வாரம் ஒருமுறை விலையையும் இருப்பையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாமவர் சிப்பம் கட்டி அஞ்சல் நிலையத்திலோ கூரியரிலோ சேர்த்து, அனுப்பிய எண்ணை வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் வாங்கிக் கசியும். காற்றுப் புகாத உறையில் கட்டுவதும், அடைமழை நாட்களில் அனுப்புவதைத் தள்ளிவைத்து அதனைத் தளத்தில் அறிவிப்பதும் இவர் பொறுப்பு. இம்மூவர் உழைப்புக்கும் குழு உரிய ஊதியம் நிர்ணயிக்க வேண்டும். இலவச உழைப்பு நெடுநாள் நிலைப்பதில்லை.

மாதக் கூட்டத்தில் இத்தளத்தின் மூலம் எத்தனை பேர் கேட்டனர், எத்தனை பேர் வாங்கினர், எத்தனை புகார் வந்தது, செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்று நான்கு கணக்குகளைப் படியுங்கள். கேட்டவர் பலராகவும் வாங்கியவர் சிலராகவும் இருந்தால், விலையிலோ விளக்கத்திலோ குறை உண்டு. கேட்பவரே இல்லையென்றால் முகவரி பரவவில்லை என்று பொருள். சிப்பத்திலும், ரசீதிலும், சந்தைக் கடையின் பலகையிலும் முகவரியை எழுதிப் பரப்புங்கள்.

ஊராட்சியின் பங்கு

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பிவடத்தால் இணைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டு நம் மாநிலத்தில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. உங்கள் ஊராட்சியில் இணைப்பு வந்துள்ளதா, அது இயங்குகிறதா என்று கவனியுங்கள். பழுதெனில் உடனே எழுதுங்கள். சேவை மையக் கட்டடத்தில் குழுவினர் அமர்ந்து பணியாற்ற நேரம் ஒதுக்கலாம். கணினி அறிந்த உள்ளூர் இளைஞர்களைக் குழுக்களுக்கு அறிமுகம் செய்யலாம். ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், குழுவின் தளத்தை ஒருமுறை எல்லாருக்கும் காட்டச் செய்யலாம். ஊரார் கண் முன்னே வைக்கப்படும் விவரங்களில் பொய் நுழைவது கடினம். அதுவே வாங்குவோருக்கு நாம் தரும் பெரிய உத்தரவாதமாகும்.

நண்பர்களே! நல்ல பொருளைச் செய்யும் கைகள் நம் கிராமங்களில் இருக்கின்றன. அப்பொருள் குடத்தில் இட்ட விளக்காக இருத்தல் ஆகாது. ஆனால் அதைக் குன்றின்மேல் ஏற்றிவைப்பது கணினியால் மட்டும் நடந்துவிடாது. சொன்ன பொருள், சொன்ன விலை, சொன்ன நாள் என்னும் மூன்றையும் காப்பாற்றும் மனிதர்கள் அதன் பின்னால் இருக்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, வாங்குவோரின் கேள்விகளை எழுதத் தொடங்குங்கள். பொறுப்பாளர் மூவரையும் தேர்ந்தெடுங்கள். பெயரைக் குழுவின் பெயரிலேயே பதிவு செய்வது என்று தீர்மானம் இயற்றுங்கள். பணத்தை அதன் பின்னர் எடுங்கள். இவ்வளவையும் செய்து வரும் குழுவுக்கு வட்டார அலுவலகம் இயன்ற உதவிகள் யாவற்றையும் செய்யக் காத்திருக்கிறது என்று கூறி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.